யாரையும் திருப்பி அனுப்பாத அண்ணனுக்கு

அண்ணே,

உங்கள் போன் இன்றைக்கும் பஸ்ஸில் அடித்தது. அரிமளம் போகிற காலை பஸ், நிற்கவே இடமில்லை. என் கைப்பைக்குள்ளிருந்து ஜல் ஜல்லென்று சலங்கைச் சத்தம். முன்னால் நின்ற பெரியவர் சட்டென்று ஒதுங்கித் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் காளை வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன, ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கிப் பழகின உடம்பு. கண்டக்டர் விடுவாரா? "யாரு தாயி மாட்ட ஏத்திக்கிட்டு வாரது? அதுக்கும் டிக்கெட் எடுத்துருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"நெட்டு ஓடலங்க."

"ஓடவே இல்லயா, மெதுவா ஓடுதாங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, அது உங்கள் கேள்வி. நீங்கள் கேட்கிற அதே இழுப்போடு கேட்டிருக்கிறேன்.

உங்கள் காளையின் கழுத்துச் சலங்கையை நீங்களே பதிவு செய்து வைத்த மணிச் சத்தம் அது. மாற்ற வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், மாற்றவில்லை. நம் நெட் ஆபீஸின் புகார் நம்பர் அந்த போனில்தான் இருக்கிறது என்பதால் முதலாளி அதை என்னிடமே கொடுத்துவிட்டார். புது இணைப்புக்கும் பில்லுக்கும் என் போன், புகாருக்கு உங்கள் போன். நீங்கள் கம்பத்தில் இருக்கிறபோது ஜனங்கள் புகாருக்கும் என் போனுக்கே அடிப்பார்கள், நான் குறித்து உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் கம்பத்தில், நான் நாற்காலியில் என்று இரண்டு பேர் பார்த்த வேலை. இப்போது லைன் பார்க்கக் கூலிக்கு ஒருவரை அவ்வப்போது அழைத்துக்கொள்கிறேன். அவர் கம்பம் ஏறுவார், அவ்வளவுதான். ரவுட்டரைத் தொட மாட்டார். மற்றதெல்லாம் என் தலையில்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தபோது முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு ஆளப் போட்டுர்றேம்மா" என்றார். ஆள் வரவில்லை. பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "நீதான் நல்லா ஓட்டுறியேம்மா. ஒரு கம்ப்ளெய்ண்ட்டும் என் காதுக்கு வரலயே." பாராட்டுத்தான். எனக்கு எரிச்சலாக வருகிறது.

இப்போது ஆபீஸில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் ரவுட்டர் விளக்கைப் பார்க்கிறேன், திரும்ப உட்காருகிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளாக எனக்கு இடது தோள் வலிக்கிறது. கைப்பை மாட்டின வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் இப்படித்தானே ஏதோ ஒரு காரணம் சொன்னீர்கள். அது ஞாபகம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாம் போட்ட பெரிய சண்டையை நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் லைனில்தான் வீடியோவில் வருவாரே, அந்தச் சண்டை. அன்றைக்கு முதலில் மாமியார் கோழியைத் துரத்திக்கொண்டு போய் வைக்கோல் போரில் விழுந்த கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் முகம் அசையவில்லை. சரி, சிரிப்பு வரவில்லை போல என்று அடுத்த விஷயத்துக்குப் போனேன். "பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல்" என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அது கோழிக்கான சிரிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? கத்தினேன். என் கத்தல் அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் காய்ச்சலைப் பற்றிக் கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கவலைப்பட்டதற்கு ஏன் கத்துகிறாள் என்று அவர் கத்தினார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கத்தின மறுநாளே ஆபீஸுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கேட்டேன்: "அண்ணே, ஒங்க ரவுட்டரு என் குடும்பத்தக் கெடுக்குது. என்னான்னு பாருங்க."

நீங்கள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாரு மேரி. ஒரு பொட்டலம்கூடக் கீழ விழல. சுத்தம்."

குரலோ வீடியோவோ எதுவானாலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. புதுக்கோட்டைக்குப் போகிற பெரிய லைன் நிறைந்துவிட்டால், மிச்சம் வருகிற பொட்டலங்களை ரவுட்டர் வரிசையில் நிற்க வைக்கும். வரிசையும் நிறைந்தால் மேற்கொண்டு வருவதைக் கீழே போட்டுவிடும். அதுதான் உங்களுக்கு ஆகாது. அந்த வரிசையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி வைத்திருந்தீர்கள். வேறு யாராவது செய்திருந்தால் விவரம் தெரியாமல் செய்தார் என்பேன். நீங்கள் கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்கிற ஆள். முகம் தெரியாதவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து வந்து இலையில் உட்கார வைக்கிற ஆள். ரவுட்டர் வாசலிலும் நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"வந்தத வாசல்ல வச்சு இல்லேன்னு திருப்பி அனுப்புறதா? அப்பறம் நாம எதுக்கு இங்கிட்டு ஒக்காந்திருக்கோம்?"

"நிக்க வச்சு நிக்க வச்சு ஊசிப்போன சோத்தப் போடுறீங்களேண்ணே."

 நீங்கள் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

என்னிடம் வருகிற போன்களைக் கவனித்ததில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. "பேச்சு லேட்டா வருதுங்க" என்கிற புகார் தினமும் வராது. முகூர்த்த நாளுக்கு மறுநாள் சாயங்காலம் வரும். அப்படிப் பார்த்தால் ஸ்டுடியோக்காரர்தான். கல்யாண வீடியோவை எல்லாம் மறுநாள் மதுரைக்கு ஆல்பம் செய்கிறவர்களுக்கு அனுப்புவார். போய்ப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் ஏழெட்டு வீடியோவை ஏழெட்டுக் கையால் தள்ளிக்கொண்டிருந்தது. "எனக்கு நல்லாத்தானே போகுது, ஒரு தடங்கலும் இல்லயே" என்றார். பொய் இல்லை. அவருக்குத் தடங்கலே இல்லைதான்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்தக் கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் நடுவழியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அனுப்புகிற பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று தொலைந்தால், சரி, வழியில் நெரிசல் போல என்று தானாகவே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எதையுமே தொலைய விடவில்லை. அதனால் அவருடைய கம்ப்யூட்டருக்குச் சாலை காலியாகத் தெரிந்தது. சாலையிலோ அரிமளமே நின்றுகொண்டிருந்தது.

உங்களிடம் வந்து சொன்னேன். "அப்ப அவரக் கொறைக்கச் சொல்லு" என்றீர்கள். அவரிடம் போனால், "ஒங்க லைனக் கூட்டுங்க, என்னைய எதுக்குக் கொறைக்கச் சொல்றீங்க" என்றார். ஆபீஸுக்கும் ஸ்டுடியோவுக்கும் நான் நடந்த நடை கொஞ்சமில்லை. ஆளுக்கு ஆள் அடுத்தவர் வேலை என்கிறீர்கள், நடுவில் என் வீட்டுக்காரர் என் பிள்ளையின் காய்ச்சலுக்குச் சிரிக்கிறார். உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாம் போல இருந்தது.

அந்தப் பிணக்கோடுதான் நீங்கள் எங்கள் ஊருக்கு மாடு கொண்டு வந்தீர்கள். ஆவூர்ப் பக்கம், மாதா கோயில் திருவிழாவை ஒட்டி மாடு விடுகிற நாள். அப்பா வீட்டுக்கு நானும் பிள்ளையும் வந்திருந்தோம். வெயில் ஏறுவதற்கு முன்பே மினி லாரியில் உங்கள் காளை வந்து இறங்கியது. கொம்பு சீவி, பொட்டு வைத்து, சலங்கை கட்டி, பார்க்கவே பயமாக இருந்தது. உங்கள் டோக்கனோ பின்னால். சாயங்காலம் வந்தால் போதும். யார் கேட்டார்கள்? எல்லோரும் விடியலிலேயே கொண்டு வந்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள், நீங்களும் நிறுத்திவிட்டீர்கள். ஊர்க்காரர்களும் யாரையும் போகச் சொல்லவில்லை. வந்த மாட்டைத் திருப்பினால் மரியாதை இல்லை என்று, வரிசையை ஊருக்கு வெளியே ரோடு வரைக்கும் நீள விட்டார்கள்.

வாடிவாசலில் ஒவ்வொன்றாகத்தானே அவிழ்க்க முடியும்? பகல் முழுக்க நிழல் இல்லாமல் நின்றது உங்கள் காளை. நான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன். அது மூக்கைக்கூட வைக்கவில்லை. நீங்கள் துண்டால் அதன் முதுகைத் துடைத்துக்கொண்டே, "இந்தா ஆயிருச்சு, இந்தா ஆயிருச்சு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியில் மைக்கில் உங்கள் பேரைச் சொன்னார்கள். மூக்கணாங்கயிற்றை உருவினார்கள். உங்கள் காளை வாடிவாசலை விட்டு வெளியே வந்தது. ஓடவில்லை அண்ணே. சந்தைக்குப் போகிற மாடு மாதிரி நடந்து வந்தது. பிடிக்க நின்ற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையைக் கீழே போட்டார்கள். ஒருத்தன் அதைத் தட்டிக்கொடுத்து வழி காட்டினான். கூட்டம் சிரித்தது. மைக்கில் பேசியவர்கூட ஒன்றும் சொல்லாமல் அடுத்த பேருக்குப் போனார்.

நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்று பயந்தேன். அழவில்லை. லாரியில் ஏற்றி, கயிற்றைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "திருப்பி அனுப்பியிருக்கலாம் மேரி. வரிசை நீண்டுருச்சு, பெறகு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வீட்டுலயே நிழல்ல கட்டியிருப்பேன்ல."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் ரவுட்டர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் வருவதற்கு முன்பே நீங்கள் ஆபீஸில் இருந்தீர்கள். வரிசையைக் குறைத்திருந்தீர்கள். வீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்தும் வைத்திருந்தீர்கள், ஸ்டுடியோக்காரர் எத்தனை கையால் தள்ளினாலும் அவர் வரிசையில்தான் அவர் நெரிய வேண்டும் என்று. அது ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேக்குறவன் பாதி, கேக்காதவன் பாதி. கேட்டவன் மட்டும் கொறைச்சுக்கிட்டா அவன் ஏமாந்தவனாயிருவான்ல? அது நம்ம பாடு" என்றீர்கள். பிறகு நீங்களே ஸ்டுடியோவுக்குப் போய், ஒன்று போய்ச் சேர்ந்தபின் அடுத்தது என்று அவர் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தீர்கள். உங்கள் பாதியை நீங்கள் செய்தபின் அவர் பாதியை அவர் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் திரையில் கீழே விழுந்த பொட்டலங்களின் கணக்கு சிவப்பில் ஏறிக்கொண்டே போனது. நீங்கள் பார்க்க மாட்டாமல் திரையை அணைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டுப் பார்த்தீர்கள். "கீழ போடுறது தண்டன இல்ல மேரி, சேதி" என்று எனக்குச் சொல்வதுபோல உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் சரியான இடத்தில் சிரித்தார். அதற்காக ஒரு கிலோ மிக்சர் வாங்கி வந்து உங்கள் மேசையில் வைத்தேனே.

எல்லாம் சரி. ரவுட்டருக்குப் புரிய வைத்தீர்கள், ஸ்டுடியோக்காரருக்குப் புரிய வைத்தீர்கள். உங்களுக்கு?

யார் கூப்பிட்டாலும் உங்களிடம் ஒரே வார்த்தை. "வாரேன்." மழையில் கூப்பிட்டாலும் வாரேன், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் வாரேன். முடியாது, நாளைக்கு, வேறு ஆளைப் பாருங்கள் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் புகாரைச் சொன்னேன், வாரேன் என்றீர்கள். அடுத்ததைச் சொன்னேன், அதற்கும் வாரேன். கடைசி வாரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். "என்னண்ணே தோள்ல?" "கம்பம் ஏறுனதுல பிடிச்சுக்கிருச்சு. நீ அடுத்தத சொல்லு." சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். காலையில் காளைக்கு வைக்கோல் போடப் போன இடத்திலேயே நீங்கள் சாய்ந்துவிட்டதாக அண்ணி போன் செய்தபோது, உங்கள் போனில் நான் அனுப்பின புகார்கள் இன்னும் பார்க்காமல் கிடந்தன.

கோபமாக இருக்கிறது அண்ணே. இன்னும் இருக்கிறது. ஒரு வார்த்தை. "முடியல மேரி" என்று ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன கல்லா? அந்த வாரம் ஆபீஸைப் பூட்டிவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேனா? எனக்குச் சாலை காலியாகத் தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான் தெரியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தினேன். போன் அடித்தது, எடுத்தேன், "வாரேங்க" என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகு அந்த வார்த்தை காதிலேயே நின்றது. வாரேங்க.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆள் வரவில்லை என்று முதலாளியைத் திட்டுகிறேன். அவர் ஏன் ஆளைப் போட வேண்டும்? வருகிற போனையெல்லாம் எடுக்கிறேன். சோறு ஆறினாலும் எடுக்கிறேன், பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிற வழியில் ரோட்டோரம் நின்று எடுக்கிறேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஒரு கம்ப்ளெய்ண்ட்டும் அவர் காதுக்கு வரவில்லை. பிறகு அவர் மேலே மேலே அனுப்பத்தானே செய்வார்?

 என் போனிலிருந்து முதலாளிக்குப் போட்டேன்.

"சார், இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஆபீஸ் பூட்டுறேன். கம்ப்ளெய்ண்ட் எடுக்க மாட்டேன்."

"ஏம்மா, என்னாச்சு? லைன் எதுவும் கட்டா?"

"லைன் நல்லாருக்கு சார். எனக்குத்தான் முடியல. தோள் வலிக்குது, அண்ணனுக்கு வலிச்ச மாதிரியே. புதுக்கோட்டை போயி ஈசிஜி எடுக்கப் போறேன். நாளையிலேர்ந்து எனக்கு என் வேலை மட்டும்தான் சார். அண்ணன் வேலைக்கு ஆள் வார வரைக்கும் அந்த போனு அடிக்கும், நான் எடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் லேட்டாகிறதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். திட்டப் போகிறார் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. குரல் இறங்கிப்போய்க் கேட்டார்:

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அண்ணே, அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "ஏம்மா, ஏம்மா, நாளைக்கே ஆள் அனுப்புறேன், நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் போனதிலிருந்து உங்களிடம் கேட்கக் காத்திருந்த கேள்வி அது. ஒரு எழுத்து மாறாமல் அவர் என்னிடம் கேட்கிறார்.

முகத்தைக் கழுவிவிட்டேன். ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் போய்க் கேட்டுவிடுகிறேன். பாப்பாவைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியாயிற்று. கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கேட்காமலேயே இருந்திருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் போனை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அணைக்கவும் மாட்டேன். பையில்தான் இருக்கும், வழியெல்லாம் அடிக்கும், கண்டக்டர் மறுபடியும் டிக்கெட் கேட்பார். அடிக்கட்டும். எடுக்க மாட்டேன். உங்கள் காளையின் சலங்கையைக் கேட்டுக்கொண்டே போகிறேன்.

உங்கள் தங்கை,
மேரி